ஜாடி சூப்பும் ஒரு கிண்ணம் அவரேகாயும்

நம் வயதுக்கு எல்லோரும் கடைசியில் சூப்புக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பல் போனவர்கள் பல்லுக்காக, முட்டி மாற்றிக்கொண்டவர்கள் முட்டிக்காக, இரண்டும் ஒழுங்காக இருப்பவர்கள் மருமகள் வாங்கி வைத்துவிட்டாளே என்பதற்காக. ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நம் கூட்டத்தில் போன வாரம் ஒரு தோழி பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். எலும்பு சூப். பதினெட்டு மணி நேரம் காய்ச்சியது, மூன்று முறை வடிகட்டியது, கொழுப்பு அறவே நீக்கியது என்று அதன் மேல் ஒட்டியிருந்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு தெளிவு பார் என்றாள். நான் பார்க்கவில்லை.

"உனக்குத்தான் எல்லாத்துக்கும் முறை தெரியுமே. வீட்லயே செய்யறது எப்படின்னு எழுதிப் போடேன்."

தெரியும். முப்பத்தாறு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில், எதை எந்த விதியின்படி செய்யக் கூடாது என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். ஆகவே முறையாகவே சொல்கிறேன்.

முன்னங்கால் மாட்டுக்கறி ஒரு ராத்தல். கொழுப்பும் சவ்வும் நீக்கிச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கவும். மூடி போட்ட பீங்கான் ஊறுகாய் ஜாடியில் போடவும். ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. மைதா மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி அடைக்கவும். பெரிய பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, ஜாடியை அதன் மேல் நிறுத்தி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, நான்கு மணி நேரம் மெல்லிய தீயில் வைக்கவும். திறந்தால் கறி தன் சாற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் சுருங்கிக் கிடக்கும். சாற்றை மல் துணியில் வடிகட்டவும். ஆறியதும் மேலே மிதக்கும் எண்ணெய்க் கண்களை மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுக்கவும். ஒரு ராத்தல் கறிக்கு ஒரு டம்ளர் கிடைக்கும். பால் விடாத வெறும் தேநீரின் நிறம்.

இதற்கு எங்கள் வீட்டில் ஜாடி சூப் என்று பெயர். ஒன்பது வயதில் பார்த்துக் கற்றது. அதன் பிறகு ஒரு முறைகூட நான் செய்ததில்லை. செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

*

மர்பி டவுனில் வரிசை வீடுகளின் நடுவில் ஒன்று எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே வீட்டுக்குப் பெரியவர் அப்பாவின் அண்ணன்தான். பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரேசர் டவுனில் ஒரு பங்களாவில் சமையல்காரர். காலையில் போய் மதியம் திரும்பி, மறுபடி மாலையில் போவார். அப்பாவின் தங்கை பஞ்சு மில்லில் நூல் சுற்றும் வேலையில் இருந்தாள். இருபது வயது. பிறகு அம்மா, நான், எனக்கு இளைய தம்பி. அவ்வளவுதான் ஆட்கள்.

அத்தை தெருமுனையில் திரும்பும்போதே அவள் விசில் வீட்டுக்கு வந்துவிடும். ஆள் பிறகுதான் வருவாள். பெண்பிள்ளை விசில் அடிக்கிறதே என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். "மில்லுல அந்த மிஷின் சத்தத்துல வாயத் தொறந்து பேசினா கேக்காது அக்கா, விசில்தான் கேக்கும்" என்று அவர்களிடமே சொல்லிவிட்டு இன்னொரு முறை அடிப்பாள். எனக்கும் கற்றுக்கொடுத்தாள். எனக்குக் காற்றுதான் வந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடவே இல்லை. ஈரத் துணி நாற்றம் வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியிருந்தது. ஒருநாள் அத்தை விசில் இல்லாமல் வந்து நடு அறையில் படுத்தாள். ஐந்தாம் நாள் டிஸ்பென்சரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். மாத்திரை கொடுத்தார். ஒரு தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். கூட வந்த கம்பவுண்டர் அதைத் தமிழில் சொன்னார்: "தண்ணி ஆகாரம் மட்டும். டாக்டரு மறுபடி பாத்துச் சொல்ற வரைக்கும்."

பெரியப்பா சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அந்தத் தாளை நடு அறையின் கதவில் ஒட்டினார். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் சுற்றறிக்கை அதுதான்.

அவர் பயந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர் வரிசையில் ஒரு பையன் இதே காய்ச்சலில் செத்திருந்தான். "ஒரே ஒரு ஆப்பம். பசிக்குதுன்னு அழுதானாம், பெத்தவ மனசு கேக்காம குடுத்துட்டா. மூணாம் நாளு தூக்கிட்டாங்க" என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கொடலு அப்ப காகிதம் மாதிரி இருக்கும். கெட்டியா ஒண்ணு உள்ள போச்சு, ஓட்ட."

நானும் தம்பியும் இதைக் கேட்டோம். அன்றிலிருந்து அத்தையின் வயிற்றைப் போர்வைக்கு மேலாகப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே காகிதம் சரசரப்பது போல எனக்குத் தோன்றும்.

*

பெரியப்பா வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுக்கிற ஆள் இல்லை. தங்கைக்கு அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. பங்களாவில் எண்பது வயது துரைசாணி ஒருத்தி நுரையீரல் காய்ச்சலில் படுத்து, எல்லோரும் கைவிட்ட பிறகு, அவருடைய ஜாடி சூப்பைக் குடித்து எழுந்து உட்கார்ந்தாள். இந்தக் கதை எங்கள் வீட்டில் பல முறை சொல்லப்பட்டது. அந்த அம்மாள் சூப்போடு கூடவே முட்டையும் பால் புட்டிங்கும் சாயங்காலம் ஒரு சின்னக் கிளாஸ் ஒயினும் சாப்பிட்டு வந்தாள் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. மறைத்தார் என்று இல்லை. புட்டிங் வேறொரு ஆளின் பொறுப்பு, ஒயின் நர்ஸின் பொறுப்பு. பெரியப்பாவுக்குச் சூப் மட்டும். கோப்பில் ஒரே ஒரு தாளைப் படித்துவிட்டு உத்தரவு போடுகிறவர்களைப் பின்னாளில் நிறையப் பார்த்தேன். கெட்டவர்கள் இல்லை. அந்த ஒரு தாளை அவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

மேல்பாதி பழுப்பும் கீழ்பாதி வெள்ளையுமான ஊறுகாய் ஜாடி. தினமும் மதியம் அதை ஏற்றிவிடுவார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் ஜாடி மெல்ல ஆடிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் இடிக்கும். டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொக். நான்கு மணி நேரம். உள்ளேயிருந்து யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுவது போல. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலேயே அது கேட்கும். இன்றைக்கும் குக்கருக்குள் கிண்ணம் ஆடினால் நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

கொழுப்பை எடுக்கும் தாள் என்னுடையது. மூன்றாம் வகுப்பு முடித்து நாங்கள் பென்சிலிலிருந்து மைப்பேனாவுக்கு வந்திருந்த வருடம். என் இளஞ்சிவப்பு ஒற்றும் தாளை நான்காகக் கிழித்து, சூப்பின் மேல் ஒரு துண்டைப் பட்டும் படாமலும் இழுப்பார். எண்ணெய்க் கண்கள் தாளில் ஏறிவிடும். "பாத்தியா, ஒரு பொட்டு இல்ல" என்று என்னிடம் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மிச்சக் கறியை ஒரு தட்டில் கொட்டி அம்மாவிடம் தள்ளுவார். "சத்தெல்லாம் எறங்கிப் போச்சு. இது வெறும் சக்க. புள்ளைங்களுக்குப் போடு."

அம்மா அந்தச் சக்கையை வெங்காயமும் மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்குவாள். தினமும் கறி. லாரிக்காரன் வீட்டில் அதுவரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இருந்தது. அந்த மழைக்காலத்தில் நானும் தம்பியும் உருண்டு திரண்டோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளி, என்னடி சாப்பிடற என்று கேட்டாள். சக்கை டீச்சர் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

*

மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. நியாயமாக இந்தக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

டாக்டர் வந்து பார்க்கவில்லை. விடுப்பில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, மாற்றல் என்றார்கள். அவர் இடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்தாள். வயது குறைவு, மைசூர்ப் பக்கம். பெரியப்பா அவளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா அவரை மாமா என்று கூப்பிடுவாள். நேருக்கு நேர் நின்று பேச மாட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"காய்ச்சல் வுட்டு பத்து நாளாச்சு மாமா. ரெண்டு வாய் கொழஞ்ச சோறு குடுத்துப் பாக்கலாமே."

"டாக்டரு இன்னா சொன்னாரு? நான் பாக்கற வரைக்கும்னாரு. பாத்தாரா?"

"அவருதான் போயிட்டாரே."

"போனா? சொன்னது போயிடுமா?"

"புதுசா வந்திருக்கற அம்மாகிட்ட ஒரு வார்த்த..."

"அது நேத்து காலேஜ்ல இருந்து வந்த பொண்ணு. அது சொல்லுதுன்னு என் தங்கச்சி கொடல்ல ஓட்ட போட்டுக்கணுமா நான்? சும்மா பேஜார் பண்ணாத."

ரத்து செய்யப்படாத உத்தரவு நடைமுறையில் இருக்கும். இதை என் மேஜையில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உத்தரவு போட்டவர் மாறிப் போயிருப்பார், காரணம் போயிருக்கும், சம்பந்தப்பட்ட ஆளே போயிருப்பார். தாள் இருக்கும்.

அதற்காகப் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. அந்தந்தப் பருவத்தில் மண் எதைக் கொடுக்கிறதோ அதில்தான் சத்து என்பது பங்களாவில் படித்த இன்னொரு பாடம். கார்த்திகையில் மார்க்கெட்டில் இளசாக நூக்கலும் காரட்டும் வந்தன. வேகவைத்து, பிழிந்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஜாடிச் சாற்றோடு கலந்தார். முள்ளங்கி வந்தபோது இலையோடு சேர்த்து. ஏரிப் பக்கத்திலிருந்து பொன்னாங்கண்ணி வந்தபோது அதன் தண்ணீர், பச்சையாக, மருந்து போல. காய் எங்களுக்கு, தண்ணீர் அத்தைக்கு. அவள் குடிக்கக் குடிக்க டம்ளரின் நிறம் வாரா வாரம் மாறியது. அவள் நிறமும் மாறியது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பெரியண்ணா, இன்னைக்கு இன்னா தண்ணி?" என்று கேட்பாள்.

"நூக்கல். ஃபர்ஸ்ட் கிளாஸ் எளசு."

"நூக்கல கண்ணுல காட்டு, மோந்தாவது பாக்கறேன்."

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். கேலி பண்ணுகிற தெம்பு இருக்கிறதே என்று அவருக்கு நிம்மதி.

*

மார்கழி பிறந்ததும் அவரேகாய், அதாவது பச்சை மொச்சை, வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஊரில் பனிக்காலம் என்பது அதுதான். சாக்குச் சாக்காகத் தெருவில் கொட்டி விற்பார்கள். தோலின் மேல் பிசுபிசுவென்று ஓர் எண்ணெய், அதற்கு ஒரு வாசனை. சொகடு என்று கன்னடத்தில் பெயர். உரித்த கை மறுநாள் வரை மணக்கும். பனி அதிகமானால் சொகடும் அதிகமாகும். வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் தோல் மலையாகக் கிடந்தது. அந்த வாசனைக்குக் கதவு கிடையாது. ஜன்னல் இல்லாத அறைக்குள்ளும் போய்விட்டது.

ஒரு மதியம் அம்மா சக்கைக் கறியோடு உரித்த அவரேகாயைப் போட்டுக் கெட்டிக் குழம்பு வைத்தாள். எங்களுக்குப் போட்டு மிச்சத்தைக் கம்பி வலை அலமாரியில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய் குட்டி. கதவச் சாத்திட்டு இங்க வா."

போனேன். அவள் கையை நீட்டினாள். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது.

"ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு கறி, நாலு அவரக்கா. உள்ளங்கையில மறைச்சு எடுத்துக்கினு வா. முழுங்கக்கூட மாட்டேன். மென்னு துப்பிடறேன்."

"டாக்டரு வோணாம்னாரே அத்த."

"எந்த டாக்டரு? ஓடிப் போனானே, அவனா?"

சாத்திய கதவின் உள்பக்கத்தில் நான் நின்றிருந்தேன். தாள் வெளிப்பக்கம். கதவைத் திறந்து, தாளின் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி அந்த இரண்டு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கம்பவுண்டர் சொன்ன அர்த்தத்தையும் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோள் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. அவள் வயிற்றுக் காகிதத்தைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். "இந்த வீட்ல ஒனக்கு ஒருத்திக்குத்தான் பொறுப்பு இருக்குது." மறுநாள் வலை அலமாரிக்கு ஒரு சின்னப் பூட்டு வந்தது. சாவியை நூலில் கோத்து என் கழுத்தில் மாட்டினார். சர்க்கார் எனக்கு வேலை கொடுப்பதற்கு முன்பே எனக்குப் பதவி கிடைத்துவிட்டது.

"வந்துட்டாங்கப்பா சாவிக்காரம்மா" என்றாள் அத்தை, நான் சூப் டம்ளரோடு உள்ளே போனபோது. "எழுந்து நின்னு சல்யூட் வெக்கலாம்னு பாத்தா காலு வரல, மன்னிச்சிடு தாயி."

அது கேலிதான். ஆனால் அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் கேலி செய்தாள்.

*

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் கண்ணெதிரே நடந்தவை. தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அம்மா அதை உருட்டித் தன் இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு போனாள். வளையல்கள் கழன்று விழுந்தன. விசில் அடி அத்தை என்று தம்பி கேட்டபோது உதட்டைக் குவித்தாள். காற்று வந்தது, என்னுடையதைப் போல. வாசலில் அவரேகாய்க்காரி கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து அவள் கண் மட்டும் அந்தக் குரலோடு தெருக்கோடி வரை போய்த் திரும்பும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் கால் வீங்கியது. பிறகு முகமும் லேசாக உப்பியது. பெரியப்பா கட்டிலின் ஓரம் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"பாரு, பாரு. சத புடிக்குது. நான் இன்னா சொன்னேன்?"

அம்மா குனிந்து அந்தக் காலை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே இருந்தது, மாவில் அழுத்தினது போல. அது மேலே வருவதற்காக அம்மா காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது.

லேடி டாக்டரோடு திரும்பி வந்தாள்.

அந்த டாக்டர் அத்தையின் மேல்கையைத் தன் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்தாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டன. கண் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். தமிழைக் கன்னடம் போல நீட்டிப் பேசுவாள்.

"காய்ச்சல் எப்ப விட்டது?"

"ரெண்டு மாசம் ஆவப் போவுதும்மா" என்றாள் அம்மா.

"அப்பறம் என்ன சாப்பிடறா?"

பெரியப்பா முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முறையாகச் சொன்னார்: ஜாடி, மாவு அடைப்பு, நான்கு மணி நேரம், ஒற்றும் தாள், பருவத்துக் காய்த் தண்ணீர். "தெனம் ஒரு ராத்தல் கறியோட சத்தும்மா. ஒருநா தவறல."

"சாறு இவளுக்கு. சரி. கறி எங்க?"

பெரியப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. "அது சக்கம்மா. அதுல ஒண்ணும் கெடையாது."

"அதுலதான் எல்லாம் இருக்கு" என்றாள் டாக்டர். "அந்தக் கறிய யார் சாப்பிட்டாங்க?"

  அவள் கண் அறையைச் சுற்றி வந்து வாசற்படியில் நின்றிருந்த எங்கள் இருவர் மேலும் நின்றது. தம்பியின் தொந்தி, என் கன்னம். ஒன்பது வயதில் என் கன்னத்தை நான் கையால் மூடிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அவள் கதவிலிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்துக் கிழித்தாள். அம்மாவிடம் மட்டும் திரும்பிச் சொன்னாள்: "ராகிக் கஞ்சி, அர டம்ளர், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. நாளைக்கு அர முட்டை. ஸ்வல்ப ஸ்வல்பவா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பாவமா இருக்குன்னு வயிறு நெறயக் கொடுத்துடாதீங்க, இந்த ஒடம்பு தாங்காது. நாளன்னைக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, படுக்கைக்கு நான் சொல்லி வெக்கறேன்."

நான் அதையும் கேட்டேன். கேட்கவில்லை என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னிடமே நான் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டேன். ஆனால் பழைய உத்தரவு கதவில் ஒட்டியிருந்தது, எழுத்தில் இருந்தது, அது கிழிந்து தரையில் கிடந்தது. புதிய உத்தரவை யாரும் எழுதவில்லை.

*

பெரியப்பா வெளிப்படியில் போய் உட்கார்ந்தார். பங்களாவுக்குப் போகவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ராகி மாவுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தம்பி அவள் பின்னாலேயே போனான். அடுப்பில் அன்றைக்கு ஏற்றியிருந்த ஜாடி யாரும் கவனிக்காமல் இடித்துக்கொண்டிருந்தது.

"குட்டி" என்றாள் அத்தை.

போய் நின்றேன்.

"கிழிச்சுட்டாங்க இல்ல?"

"ம்."

 என் கழுத்தைப் பார்த்தாள். சாவியை.

நான் அலமாரியைத் திறந்தேன். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்று உண்டு, அடியில் சில்லு பெயர்ந்தது. அதில் மதியத்துக் குழம்பைக் கறியோடு நிறைய எடுத்தேன். ஒரு துண்டு இல்லை. நாலு அவரேகாய் இல்லை. நான் அவளுக்குக் கொடுக்காமல் விட்டதையெல்லாம் அன்றைக்கே கொடுத்துவிட நினைத்தவளைப் போல விளிம்பு வரை.

அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். அவள் முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு வேகமாகச் சாப்பிட்டாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். சொகடு வாசனை எங்கள் இருவர் கையிலும். கடைசியில் கிண்ணத்தை வழித்து நக்கினாள். நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள், முகத்தை நேராக.

"இப்பத்தான்டி உசுரு வந்துச்சு."

உதட்டைக் குவித்தாள். மெல்லிசாக ஒரு விசில் வந்தது. தெருமுனை வரை போகாது. கட்டிலின் கால்மாடு வரை போயிருக்கும். ஆனால் விசில்தான்.

அம்மா வருகிற சத்தம் கேட்டது. கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் எழுந்துகொண்டேன்.

மறுநாள் அத்தைக்கு மூச்சு இரைத்தது. கஞ்சி இறங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். அவள் சட்டைக்கு மேலேயே அது தெரிந்தது. மூன்றாம் நாள் மதியம், ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் வண்டி வந்து நின்று, அம்மா புடவை மாற்றிவிடுவதற்காக அவளைத் தூக்கியபோது, அவள் தலை அம்மாவின் தோளில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். வண்டிக்காரன் வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் முன்னறையில் இருந்தபோது நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கிண்ணம் இல்லை. சமையலறையில் அலமாரிக்கு மேலே, கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது.

*

ஜாடியை உடைப்பார் என்று நினைத்தேன். பெரியப்பா அதைத் தொடவில்லை. அவர் சாகும் வரை எங்கள் வீட்டில் சூப் வைக்கவில்லை, கறியும் சாப்பிடவில்லை. பங்களா வேலையையும் அந்த வருடமே விட்டுவிட்டு ஜீவனஹள்ளியில் ஒரு ஹோட்டலில் இட்லி மாவு ஆட்டப் போனார். ஜாடியை அம்மா தேய்த்துக் கழுவிக் கல்லுப்பு போட்டு வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெந்த எல்லாவற்றிலும் அந்த ஜாடியிலிருந்து ஒரு கை விழுந்தது.

பின்னாளில், யாரோ ஒருவருக்கு நடந்தது போலச் சொல்லி, இரண்டு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று வயிறு நிறையப் போட்டால் இதயம் நின்றுபோகலாம் என்றார் ஒருவர். அந்த நிலைமையில் எது போட்டாலும் போடாவிட்டாலும் அவ்வளவுதான் என்றார் மற்றவர். இரண்டு பேரையும் எழுதித் தரச் சொல்லத் தோன்றியது. பழக்கதோஷம்.

எனக்கு வேலை கிடைத்த இரண்டாம் வருடம், பெரியப்பா கண் மங்கி வீட்டோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நடு அறையில் நான் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். பனிக்காலம். தெருவில் அவரேகாய் வந்திருந்தது.

"பாப்பா" என்றார். "நீ படிச்சவ. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான்தானே அவளப் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு கிண்ணம் அளவுக்கு. கடைசியில் அவள் பட்டினியாகப் போகவில்லை, வயிறு நிறையத்தான் போனாள், கொடுத்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சுமையில் பாதி என் பக்கம் வந்திருக்கும். ஒருவேளை முழுவதும். அவர் விரல் என் கையில் இருந்தது.

"அப்ப இருந்த டாக்டர் உத்தரவு அப்படி பெரியப்பா" என்றேன். "நீங்க முறைப்படிதான் நடந்துகிட்டீங்க. உங்க மேல தப்பு சொல்ல முடியாது."

அவர் தலையை ஆட்டினார். அலுவலகத்தில் மனு கொடுக்க வந்து என் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த பனிக்காலத்துக்கு அவர் இல்லை.

நகத் துண்டுகளைத் தாளில் மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நடு அறையில் பேசுவதெல்லாம் அங்கே கேட்கும், எப்போதும் கேட்டது. கொதிக்கிற சாற்றுக்கு உப்புப் போட ஜாடியைத் திறந்தாள். திரும்பவில்லை.

"அந்தக் கிண்ணத்த நான் அன்னிக்கே கழுவிட்டேன்டி" என்றாள்.

உப்பைப் போட்டுவிட்டு ஜாடியை மூடினாள்.